ஃபிரிட்ஜில் வைத்த சளி

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள்: நான், கட்டிலில் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், அவருடைய அண்ணன் மனைவியான என் ஓரகத்தி, அவரிடம் மாவு வாங்க வந்த எதிர்வீட்டுக்காரி. இவர்கள் தவிர, என் போனுக்குள் ஒரு நர்ஸ்.

கள்ளக்குறிச்சி அரிசி மில் தூசியில் வீட்டுக்காரரின் நுரையீரல் கெட்டுப் பல வருஷமாகிறது. சென்னை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற அவரால் முடியாது என்று சளி பரிசோதிக்க ஒரு டப்பாவை வீட்டுக்கே அனுப்பினார்கள். வாய் கொப்பளித்து, ஆழமாக இருமி, அதில் சளியைத் துப்பி மூட வேண்டும். சாயங்காலம் சின்னசேலத்திலிருந்து கூரியர்காரர் வரும்வரை அது குளிர்ச்சியில் இருக்க வேண்டும். எந்தக் கிருமி என்று பார்த்துத்தான் மருந்தாம். போன தடவை, வெறும் எச்சில் என்று தள்ளிவிட்டார்கள். இதுவும் வீணானால் இவர் கதி என்ன என்று எனக்குத் தூக்கமே இல்லை. ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். காலையில் அவர் துப்பிக் கொடுத்த டப்பாவைத் தூக்கித் தூக்கிப் பார்த்தும் சளியா எச்சிலா என்று பிடிபடவில்லை.

ஒரே வீடு, இரண்டு அடுப்பு. ஃபிரிட்ஜ் ஓரகத்தியுடையது. அதில் மாவு பாக்கெட் வைத்துத் தெருவுக்கு விற்கிறார். கேட்டால் விடமாட்டார். கேட்காமலே டப்பாவை மூன்று கவர் சுற்றி உள்ளே வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி நர்ஸ் போன் ஸ்பீக்கரில் கேட்டார்: "அம்மா, சளி டப்பாவை ஃபிரிட்ஜ்ல வெச்சிட்டீங்களா?"

எதிர்வீட்டுக்காரி கையிலிருந்த பாக்கெட்டைக் கீழே வைத்தாள். "மாவோடயா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள்.

"இன்னாடி பண்ணி வெச்ச?" ஓரகத்தி டப்பாவை எடுக்கப் பாய்ந்தார். நான் குறுக்கே நின்றேன்.

"யக்கா, மூணு கவர் போட்டுகீறேன். வெளிய வெச்சா கெட்டுப்பூடும்."

"கெடட்டும். எம் பொழப்பு கெட்டுப்போச்சே! உம் புருஷன் துப்பறதுக்கு எம் பொட்டிதான் கெடச்சுதா?"

"எல்லா மாவையும் நானே வாங்கிக்கறேன் அண்ணி," என்றார் வீட்டுக்காரர்.

"நீ மொதல்ல இருமாம பேசு!"

"இருமாம இருந்தா டப்பா எதுக்கு?" என்று சிரிக்கப்போனவரை இருமல் பிடித்துக்கொண்டது, முகம் கருத்துப்போனது.

ஓரகத்தி ஃபிரிட்ஜ் கதவிலிருந்து கையை எடுத்தார். "சாயங்காலம் வரைக்கும் கெடக்கட்டும். மாவு அத்தினிக்கும் நீதான் காசு வெக்கணும்."

வைத்தேன், கையிலிருந்த நூறை. இந்தத் தடவை போனது சளிதான் என்று நர்ஸ் சொன்னார், மருந்தை மாற்றினார்கள். இப்போது இவர் படுத்துத் தூங்குகிறார். புளித்த மாவைத் தோசையாக நாங்களே தின்று தீர்த்தோம். ஓரகத்தி என்னிடம் வாய் திறப்பது மிச்சத்தைக் கேட்க மட்டும்தான்: இருநூற்று இருபது ரூபாய்.