சந்தனம் பூசிய தலை

அடைக்கலமேரி சிஸ்டர் கையால் ஊசி போட்டுக்கொள்ளாத பிள்ளை எங்கள் பக்கத்தில் இருந்தால் அது வெளியூர்ப் பிள்ளையாகத்தான் இருக்கும். ஆவூர்க்காரர். அறந்தாங்கிக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நர்ஸாக மாற்றலாகி வந்தவர், இங்கேயே வீடு பார்த்துத் தங்கிவிட்டார். நான் அங்கே மருந்து கொடுக்கும் ஜன்னலில் உட்காருகிறவன். எனக்குக் கூட்டத்தைக் கண்டாலே சிடுசிடுப்பு. அவருக்கோ வாய் ஓயாது. "எறும்பு கடிக்கிற மாதிரிதான் தங்கம்" என்று சொல்லிக்கொண்டே குத்திவிடுவார். இப்படி வாய் கூசாமல் பொய் சொல்கிறீர்களே, சர்ச்சில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதையும் சொல்வீர்களா என்று சீண்டுவேன். இந்தப் பொய்யை மாதா கண்டுகொள்ள மாட்டாள் என்பார்.

பிரகதீஸ்வரி முதல் தடவை காய்ச்சலோடு வந்தபோது ஐந்து வயது இருக்கும். மழித்த தலை முழுக்கச் சந்தனம். கூட்டி வந்தவள் அத்தை அமிர்தவல்லி. பிள்ளையைப் பெற்றவள் காமாலையில் போய்விட்டாள். தகப்பன் சோலையப்பன் துபாயில் வேலை செய்கிறான். தம்பி பிள்ளையைத் தன் பிள்ளைபோல வளர்க்கிறாள் என்று அமிர்தவல்லிக்கு ஊரில் நல்ல பெயர். பிள்ளை எப்போதும் வெளுத்த கவுனும் கொலுசுமாகத்தான் வரும். மொட்டை குலசாமிக்கு வேண்டுதல் என்றாள் அமிர்தவல்லி. சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் மகன் லியோன் டெங்குவில் பிழைத்தபோது வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டவர் அவர். சாமி கைவிடாது என்று சொல்லி அனுப்பினார்.

சில மாதம் கழித்து மணிக்கட்டு வீங்கி வந்தாள். மாடிப்படியில் விழுந்தாளாம். மறுபடியும் மொட்டை, மறுபடியும் சந்தனம். இந்தத் தடவை அப்பாவின் வேலை நிலைக்க வேண்டுமென்று வேண்டுதல். இந்தப் பிள்ளை முடியை வாங்கி வாங்கிச் சாமிக்கே அலுத்திருக்கும் என்று நான் ஜன்னலில் இருந்து சொன்னேன். சாமி காரியத்தில் வாய் வைக்காதீர்கள் என்று சிஸ்டர் என்னை அடக்கிவிட்டு, மணிக்கட்டுக்குத் தன் கையாலேயே கட்டுப் போட்டார். எங்கள் ஊரில் யார் வீட்டுச் சங்கதியையும் தோண்டித் துருவிக் கேட்பார்கள். சாமிக்குக் கொடுத்ததை ஏன் கொடுத்தாய் என்று மட்டும் கேட்க மாட்டார்கள்.

மூன்றாம் தடவை இருமல். அப்போதும் தலை மழித்துத்தான் இருந்தது. டாக்டரம்மா ஊசி எழுதிக் கொடுத்தார். சிஸ்டர் மருந்தை ஏற்றிக்கொண்டு, வழக்கம்போலக் கொஞ்சுவதற்குக் கையைத் தூக்கினார்.

ஊசியைப் பார்த்தால் பிள்ளைகள் இடுப்பைப் பொத்தும், அம்மா சேலைக்குள் புகுந்துகொள்ளும். இவள் இரண்டு கையாலும் தலையைப் பொத்தினாள். அழவில்லை. அத்தை பக்கம் திரும்பவும் இல்லை.

சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். தலையில் என்னம்மா என்று பிள்ளையிடம் கேட்டார். மொட்டைத் தலை, கூச்சப்படுகிறாள் என்று அத்தைதான் பதில் சொன்னாள். சிஸ்டர் பஞ்சை நனைத்துக்கொண்டு கிட்டே போக, அமிர்தவல்லி அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"சாமிக்கு வச்ச சந்தனம். நீங்க தொடைக்கக் கூடாது."

அந்த 'நீங்க' வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது. சிஸ்டரின் கழுத்தில் கிடந்த சிலுவையைச் சிலர் பார்த்தார்கள். சிஸ்டர் பஞ்சைக் கீழே வைக்கவில்லை.

"எந்தச் சாமியும் கோவிச்சுக்காது. கைய எடு, அமிர்தம்."

துடைத்தார். மழித்த தலையென்றால் வேர்க்கால் எங்கும் கருப்பாகப் புள்ளி தெரியும். இந்தத் தலையில் இடையிடையே புள்ளியே இல்லாமல் வழுவழுவென்று திட்டுகள். காதுக்குப் பின்னால் வீங்கிப் பொருக்குத் தட்டியிருந்தது. கொத்துக் கொத்தாக முடியைப் பிடித்து இழுத்துப் பிய்த்திருக்கிறார்கள். பிய்ந்த இடம் வெளியே தெரியாமலிருக்க மீதியை மழித்து, மேலே சந்தனம் பூசியிருக்கிறாள் அத்தை. டாக்டரம்மா பிள்ளையை உள்ளே கொண்டுபோய்ப் பார்த்தார். முதுகில் பழைய தழும்புகள். மணிக்கட்டு விழுந்து வீங்கியதல்ல, முறுக்கியது. அங்கிருந்தே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தார்.

பிள்ளையைப் புதுக்கோட்டையில் ஒரு காப்பகத்தில் சேர்த்தார்கள். அமிர்தவல்லி மேல் வழக்கு நடக்கிறது. ஊர் என்ன சொன்னது தெரியுமா? சிலுவை போட்ட வேதக்காரம்மா சாமி சந்தனத்தைத் துடைத்துவிட்டார் என்றது. பிய்ந்த தலையைப் பற்றி ஒரு பேச்சுக் கிடையாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலு பேருக்கு மாத்திரையை ஜன்னல் வழியே விட்டெறிந்தேன். சோலையப்பன் துபாயிலிருந்து சிஸ்டருக்குப் போன் செய்து கத்தினான். பிறகு எங்க அக்காவா, எங்க அக்காவா என்று கேட்டுக் கேட்டு அழுதான். ஒப்பந்தம் முடியாமல் அவனால் வர முடியாதாம்.

அதன் பிறகு சிஸ்டர் ஊசி போடும்போது பேசுவதே இல்லை. ஒரே ஒரு நாள், சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"ரெண்டு தடவ அந்தப் புள்ள என் கைக்கு வந்துச்சு. ரெண்டு தடவயும் சாமி பேரச் சொல்லவும் கும்புட்டு அனுப்பிட்டேன்."

ஒன்றரை வருடம் கழித்து, போன மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து காப்பகத்துக்குப் போனார். நானும் துணைக்குப் போனேன். பிரகதீஸ்வரிக்கு முடி தோள் வரைக்கும் வளர்ந்திருந்தது. திட்டுகள் மறையவில்லை என்றாலும் வாரினால் மூடிக்கொள்ளும். சிஸ்டர் சிவப்பு ரிப்பன் வாங்கி வந்திருந்தார். கையைத் தூக்காமல், முதலில் ரிப்பனைக் காட்டி, கட்டிவிடட்டுமா என்று கேட்டார்.

பிள்ளை தலையைப் பொத்திக்கொண்டாள்.

"வேணாம். எனக்கு மொட்ட போட்டுவிடச் சொல்லுங்க."

இவ்வளவு அழகாக வளர்ந்திருக்கிறதே, ஏன் என்று கேட்டார் சிஸ்டர்.

"முடி இருந்தா புடிப்பாங்கல்ல."

இனி யாரும் பிடிக்க மாட்டார்கள் என்று சொல்லத்தான் சிஸ்டர் வாயெடுத்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எறும்புக்கடி என்று பொய் சொன்ன வாய். இந்தப் பிள்ளையிடம் அது பொய்க்குத் துணியவில்லை. ரிப்பனை நீட்டினார். பிரகதீஸ்வரி ஒரு கையால் அதை வாங்கிக்கொண்டாள். மற்றக் கையைத் தலையிலிருந்து எடுக்கவில்லை.