குடை கொண்டுபோன பெரிய கிராணி

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிராணி ஞானமுத்து அவர்கள் காலமாகிவிட்டார்கள். சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரர்கள் பிடித்துப்போன தோட்டத் தொழிலாளி ராமையா நேற்றுத்தான் திரும்பி வந்தான். என் வாசலில் நின்று, "பெரிய கிராணி போயிட்டாருங்கய்யா" என்றான். "எங்கே?" என்று கேட்டேன். அவன் அழுதபிறகுதான் எனக்கு உறைத்தது.

அவர் பெரிய கிராணி, நான் சின்னக் கிராணி; தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் குமாஸ்தாக்கள். ஆங்கிலத்தில் அவர் புலி. ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "ஐயாம் அண்டர் தி வெதர்" என்று வெள்ளைக்காரத் துரை சொல்லியனுப்பினாராம். உடம்பு சரியில்லை என்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். இவரோ, துரை மழையில் மாட்டிக்கொண்டார் என்று குடையோடு மலையெல்லாம் தேடியிருக்கிறார்.

"தொரை போர்வைக்குள்ள சொகமா படுத்திருக்காரு, என் கால் சப்பாத்து பிஞ்சதுதான் மிச்சம்லா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஜப்பான்காரர்கள் வந்தார்கள். துரை ஓடிவிட்டார். ஒருநாள் சயாமுக்கு ஆள் பிடிக்க லாரி வந்தது. ஆட்களோடு ஒரு கிராணியும் வேண்டும் என்று அதிகாரி என் பெயரைச் சொன்னான். ஆபீசை ஒட்டிய என் அறையில், பலகைச் சுவருக்குப் பின்னால் நான் காய்ச்சலில் கிடந்தேன். நோயாளி என்றாலும் தூக்கிப்போட்டுக்கொண்டு போகிறவர்கள் அவர்கள்.

பெரிய கிராணி நிதானமாக, "ஹீ இஸ் அண்டர் தி வெதர்" என்றார்.

அதிகாரிக்கு அரைகுறை ஆங்கிலம். "அவுட்சைட்?" என்றான்.

"எஸ், சார்."

கொட்டும் மழையில் சிப்பாய்கள் தேயிலைச் செடிகளுக்குள் என்னைத் தேடினார்கள். வெறுங்கையோடு திரும்பியதும் பெரிய கிராணியின் கன்னத்தில் ஓர் அறை விழும் சத்தம் கேட்டது. எனக்குப் பதிலாக அவரை லாரியில் ஏற்றினார்கள். பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். என் அறைப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

நேற்று ராமையா சொன்னான்: "காய்ச்சல்ங்கய்யா. கொட்டாயில எடமில்லன்னு வெளிய மழையில போட்டுட்டானுங்க. எப்படி இருக்கீங்கன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே 'அண்டர் வெதர்'னு என்னமோ சொன்னாரு. அப்படின்னா என்னாங்கய்யா?"



போய் வாருங்கள், பெரிய கிராணி ஐயா. இங்கே மலையில் மழை பிடித்துக்கொண்டது. நான் கூரைக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.