தூறலிலேயே நின்ற கோடு

கண்டி குட்செட் பஸ் தரிப்பிடத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு புடைவைக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். அங்கே ஒரு பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. மலைத் தோட்டங்களில் நட்டு வைத்த மழைமானிகள் அனுப்பும் கணக்கை வாங்கி, மண் சரியும் அளவுக்கு மழை கூடினால் அங்குள்ளவர்களின் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும் மென்பொருள் எங்களுடையது. அதன் ஒவ்வொரு பகுதியும் கண்டெய்னர் எனப்படும் தனித்தனி மென்பொருள் பெட்டிக்குள் ஓடும். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த எனக்கு அது விளங்க நேரமெடுக்கவில்லை. ஒரே கூரை, தனித்தனிக் காம்பரா, தனித்தனி அடுப்பு. ஓர் அடுப்பு அணைந்தாலும் பக்கத்துக் காம்பராவில் சோறு வேகும். எது எரிகிறது, எது அணைந்தது என்று திரை காட்டும். கண்டெய்னர்களை ஓட்டுவது, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு திறந்த மூலக் கருவி. நல்ல கருவி. அதன்மேல் எனக்குக் கோபமில்லை.

கோபமெல்லாம் ஒரு கோட்டின்மேல்தான். திரையின் கீழ்ப்பாதியில் மானிக்கு ஒன்றாக மழைக் கோடுகள் ஓடும். மலையில் சிக்னல் விட்டு விட்டு வருவதால் அவை அறுந்து அறுந்து தெரியும். பார்வையிட வந்தவர்கள் முன்னால் அது எங்கள் மேலாளருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

"பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு. கடைசியா வந்த கணக்கையே இழுத்துச் சேர்த்து விடுங்க" என்றார்.

திரையை வடிவமைத்தவர் என் பக்கத்து மேசைக்காரர்; ஊரை வைத்துக் கெலிஓயாக்காரர் என்போம். "சேர், கணக்கு வராட்டி வரல்லண்டுதானே காட்டணும். எச்சரிக்கையும் இதப் பாத்துத்தானே போகுது" என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. அன்றிலிருந்து கோடுகள் அழகாக ஓடின.

அம்மா மடுல்கெல்லையில், மலையடிவாரத்தில், எங்கள் பழைய லயத்திலேயே இருந்தார். என் வேலையில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. "நம்ம புள்ள ஆபீசு மெசேஜ் வந்தா எறங்கிறணும்" என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

வெயிலே காணாமல் மழை பிடித்துக்கொண்ட நாட்களில் ஒரு மத்தியானம் அழைத்தார். கூரைத் தகரத்தில் மழை அடிக்கும் சத்தத்தில் குரலே சரியாகக் கேட்கவில்லை.

"மெசேஜ் வரல்லியே புள்ள. எறங்கவா, இருக்கவா?"

திரையைப் பார்த்தேன். கண்டெய்னர்கள் எல்லாம் பச்சை. மடுல்கெல்லைக் கோடு மட்டும் தூறல் அளவில், அடிமட்டம் வைத்துக் கீறியது போல நேராகக் கிடந்தது. எந்த மழையும் அப்படிப் பெய்யாது. வெயிலில் சார்ஜாகும் மானியின் பெட்டரி காலையிலேயே செத்திருந்தது. காலைத் தூறலையே எங்கள் மென்பொருள் மத்தியானம் வரை இழுத்து வந்திருந்தது.

"எறங்குங்கம்மா. எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போங்க. மெசேஜ் வராது."

கெலிஓயாக்காரர் கையாலேயே எச்சரிக்கையைத் தட்டி அனுப்பினார். அதற்குள் தோட்டத்தில் சிக்னல் போய்விட்டது.

அம்மா கதவு கதவாகத் தட்டியிருக்கிறார். பலர் வந்தார்கள். பக்கத்துக் காம்பரா அக்கா வரவில்லை. பள்ளிக்கூட நாட்களில் எனக்குச் சடை பின்னிவிட்டவர் அவர். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்ததாம்.

"இருங்க பெரியம்மா. ஒங்க புள்ள ஆபீசு மெசேஜ் வரட்டும். வந்த ஒடனே வாறேன்."

அவரைச் சரிந்த மண்ணிலிருந்து தோண்டித்தான் எடுத்தார்கள்.

மாதக் கடைசிக் கூட்டத்தில் மேலாளர் அறிக்கையை வாசித்தார். அந்த மாதம் எங்கள் கண்டெய்னர் ஒன்றுகூட ஒரு நிமிடமும் நிற்கவில்லையாம். பொய்யில்லை. எங்கள் அடுப்புகள் எல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தன. எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது கெலிஓயாக்காரர் யாரையும் கேட்காமல் கோடுகளை மறுபடி அறுத்து விட்டிருந்தார். மேலாளர் அதைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

அம்மா இப்போது வேறு லயத்தில் இருக்கிறார். மழை பிடித்தால் இன்னமும் அழைக்கிறார். மெசேஜைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. நான் ஹலோ சொன்னதும் மழை எனக்குக் கேட்கும்படி போனைக் கூரைத் தகரத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறார்.