ராத்தாவின் விரலில் இறங்கிய சாறு

எனக்கு அப்போது பதினெட்டு வயது. ஐம்பதுகளின் நடுவில், மீன் பருவத்துக்காக எங்கள் குடும்பம் சாய்ந்தமருதிலிருந்து அறுகம்பேக்குப் போய், கரையில் ஓலை வாடி போட்டுத் தங்கியிருந்தது. ஒரு காலை, ஆண்கள் தோணியில் போன பிறகு, என் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா, தன் நான்கு மாதக் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுப் பாறையில் சிப்பி பெயர்க்கப் போனாள்.

அந்தப் பாறையின் ஒரு பக்கம் பூப் பூத்ததுபோல இருக்கும். பொத்தான் அளவில், பச்சையும் செம்மஞ்சளுமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. பூவல்ல, உயிருள்ளவை, விரல் பட்டால் சுருங்கிக்கொள்ளும். ராத்தா அவற்றைச் சுரண்டித் தள்ளும்போது கத்தி வழுக்கி விரலைக் கிழித்ததாம். வழுவழுத்த சாறு காயத்தில் இறங்கியதை அவள் பொருட்படுத்தவில்லை.

வாடிக்கு வந்து சிறிது நேரத்தில், "புள்ள, நாக்குல செம்புக்காசு வெச்ச மாதிரிக் கிடக்கு" என்றாள். பிறகு உதடு மரத்தது. கை தோள்வரை மரத்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. குழந்தையோ பசியில் அலறிக்கொண்டிருந்தான்.

"புள்ளையத் தா. பால் கட்டி நோகுது."

"தரமாட்டன் ராத்தா."

"என்ட புள்ளையத் தாடி."

"உங்கட ஒடம்புல என்ன இறங்கியிருக்கெண்டு தெரியாது. தரமாட்டன்."

அவள் எழுந்து வந்தாள். நான் குழந்தையோடு பின்வாங்கினேன். இரண்டடியில் கால் மடங்கி விழுந்தாள்.

பக்கத்து வாடியில் தம்பிலுவிலிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம். அந்தப் பெண்ணுக்கும் கைக்குழந்தை இருந்தது. குழந்தையோடு ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்காமல் கையை நீட்டி எங்கள் பிள்ளையை வாங்கி மார்பில் அணைத்தாள். அன்று கடலுக்குப் போகாதிருந்த அவளுடைய கணவர் மாட்டுவண்டி பூட்டினார்.

பொத்துவில் ஆஸ்பத்திரிவரை ராத்தாவின் தலை என் மடியில் கிடந்தது. மூக்கினடியில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். உயிர் பிரிகிறவர்களுக்குச் சொல்லும் கலிமாவை அவள் காதில் சொல்ல வாயெடுத்தேன். பயந்துவிடுவாளோ என்று நிறுத்தி, அதை எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் காயத்தைக் கழுவி ஊசி போட்டார். என்ன விஷமென்று அவருக்கும் தெரியவில்லை. "புள்ளைக்கு இவட பால் குடுத்தீங்களா?" என்று கேட்டார். இல்லையென்றேன். "அது நல்லம்" என்றார்.

மூன்றாம் நாள்தான் மூச்சு சீரானது. அதுவரை பிள்ளை பக்கத்து வாடியில் குடித்தான். திரும்பி வந்த ராத்தா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, "இனி என்ட மகனுக்கு நீங்களும் உம்மாதான். உங்கட மகள் அவனுக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி. எங்கட மார்க்கத்துல பால் குடுத்தா அப்பிடித்தான்" என்றாள்.

"ஓம் அக்கா" என்றாள் அவள்.

பிள்ளையைத் தரமறுத்த என்னோடு மட்டும் ராத்தா ஊர் திரும்பும்வரை கதைக்கவில்லை.