நான்காவது கப்ளிங்

முப்பது வருடம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் நான். பரீட்சை அன்று வரும் வயிற்றுவலி எது, நிஜமான வயிற்றுவலி எது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். வீட்டுக்காரர் விஷயத்தில் மட்டும் அதைக் கண்டுபிடிக்க மூன்று கப்ளிங் ஆயிற்று.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான அவர், கை நீளத்துக்கு ஒரு பொம்மை நீர்மூழ்கி செய்துகொண்டிருந்தார். ரிமோட்டில் ஓடுவது. அவருடைய இதயத்தைப் பரிசோதித்த மதுரை டாக்டர், அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். "இதைத் தண்ணியில விட்டுட்டு மறுநாளே அட்மிட் ஆயிருவேன்" என்று மாதா படத்துக்கு முன்னால் நின்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எல்லாம் தயார். மோட்டாரையும் புரொப்பல்லர் தண்டையும் சேர்க்கிற கப்ளிங் ஒன்றுதான் பாக்கி.

முதலில் சிலிக்கோன் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டினார். வேகம் கொடுத்தால் முறுக்கிக்கொள்கிறதாம். அடுத்து பித்தளையில் கெட்டியான ஒன்று. இரண்டு தண்டும் மயிரிழை கோணினாலும் அதிர்ந்து, தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பரைத் தின்றுவிடுமாம். நியாயம்தான் என்று நானும் ஒப்புக்கொண்டேன். மிக்ஸிக்கு அடியில் இருக்கும் கப்ளர் தேய்ந்தால் என்ன கூச்சல் போடும் என்று எனக்குத் தெரியாதா?

மூன்றாவதாக யுனிவர்சல் ஜாயிண்ட் வந்தது. கோணல் இருந்தாலும் வளைந்து கொடுத்துச் சுற்றுவது. நான் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது, பாத்ரூம் தொட்டியில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. உறுமல் இல்லை, உதறல் இல்லை. சிறிது நேரத்தில் மனிதர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இதுவும் சரியில்ல. ஆட்டம் இருக்கு. வேற ஆர்டர் போடணும்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். வழக்கமாகச் சண்டைக்கு வருவார். அன்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சற்று நேரத்தில் அவர் பால் வாங்கப் போனதும் நீர்மூழ்கியின் மூடியைத் திறந்தேன். கப்ளிங்கைத் தண்டோடு இறுக்கும் குட்டித் திருகு பாதி கழன்றிருந்தது. ஓடும்போது கழன்றிருந்தால் என் காதுக்குத் தப்பியிருக்காது. பக்கத்திலேயே அந்தத் திருகைக் கழற்றும் ஆலன் கீ கிடந்தது, ஈரம்கூடக் காயாமல்.

முதலில் கோபம் வந்தது. பிறகுதான் புரிந்தது, இது பரீட்சை அன்று வரும் வயிற்றுவலி. பள்ளிக்கூடத்தையே மிரட்டி வைத்திருந்த மனிதருக்கு இவ்வளவு பயமா? திருகை நானே இறுக்கினேன். அகரம் கிராமத்தில் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டேன்.

மறுநாள் காலை, "கிளம்புங்க, தம்பி தோட்டத்துக்குப் போறோம்" என்றேன்.

"திருகு..." என்று இழுத்தார்.

"இறுக்கியாச்சு."

அவர் ஆட்டோவில் நீர்மூழ்கியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார்.

குட்டையில் விட்டதும் அது மூக்கைச் சாய்த்து உள்ளே போனது. கொஞ்ச நேரம் தண்ணீர்மேல் எதுவும் இல்லை. பிறகு எதிர்க்கரையில் தலையைக் காட்டியது.

"அம்புட்டு தூரம் போயிருச்சே மாமா!" என்று தம்பி கை தட்டினான்.

அவர் அதைக் கரைக்குக் கொண்டுவந்து துண்டால் துடைத்தார்.

"சரி. நாளைக்கு மதுரைக்குப் போவோம்."

குரல் நடுங்கவில்லை. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவரை இத்தனை நாளும் விரட்டினேன். வந்ததும் பயம் என்னைத் தொற்றிக்கொண்டது. மதுரையில் ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே உட்காரப் போகிறவள் நான்.

"இன்னொரு சுத்து விடுங்க" என்றேன். "கப்ளிங்ல ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருக்கு."

அவர் என் முகத்தையே சந்தேகமாகப் பார்த்தார். பிறகு நீர்மூழ்கியை மறுபடி தண்ணீரில் விட்டார்.