நாரை ஏன் வாயைத் திறந்தது?

சென்ற வெள்ளிக்கிழமை நயினாதீவுக்குப் போகும் லோஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு கொழும்பு அம்மா உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி, மடியில் அர்ச்சனைத் தட்டு. எங்களைக் கடந்து ஒரு வத்தை போனது. சாமான் ஏற்றிப் போகும் பாய்மரப் படகை இங்கே அப்படித்தான் சொல்வோம். அதன் மண்ணிறப் பாயில் பெரிய வெள்ளை நாரை ஒன்று. கீழே 'நாரை' என்று வெள்ளை எழுத்து. வேறொன்றும் இல்லை. அது துணி தோய்க்கும் சவர்க்காரத்தின் பெயர் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"பாயெல்லாம் ஒரே ஊத்தை... நாரை மட்டும் எப்பிடி இவ்வளவு வெள்ளை? அதுசரி, அது ஏன் வாயைத் திறந்துகொண்டு நிக்குது?"

எனக்கு மற்றப் பக்கத்தில் இருந்த என் கணவர் தொண்டையைச் செருமினார். நான் அவர் காலை மெதுவாக மிதித்தேன். அவர் ஆரம்பித்தால் இறங்குதுறை வரும்வரை ஓயமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

நல்ல கேள்விதான். இதுவரை உங்களுக்கும் நான் அதைச் சொன்னதில்லை. இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். கடைகளுக்கும் கம்பனிகளுக்கும் துணியில் எழுத்து வெட்டித் தைத்துப் பதாகை செய்கிறேன். சுருவிலில் எங்கள் வீட்டு முன்விறாந்தைதான் தொழிற்சாலை. முதலாளியும் நானே, வேலையாளும் நானே. அதற்கு முன்பு பெண்களுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். கை இறுக்கம், கழுத்து அகலம், இடுப்பு ஏறவில்லை... தீபாவளிக்கு அளவு கொடுத்தவர் பொங்கலுக்குள் இரண்டு சுற்றுப் பெருத்திருப்பார். குற்றம் மட்டும் என் கத்தரிக்கோலில்! பதாகைக்கு உடம்பு வைக்காது. மாட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளிக்காது. அதனால்தான் சட்டை தைக்கிறதில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லி, வாடிக்கைக்காரர்கள் எல்லோரையும் வேறு தையல்காரியிடம் அனுப்பிவிட்டேன்.

அப்படி அனுப்பிய வருடம்தான் தம்பிராசா வந்தார். நாரை சவர்க்காரத்தின் யாழ்ப்பாண ஏஜன்ற். வந்தவர் கதிரையில் உட்காரக்கூட இல்லை.

"அக்கா, நயினாதீவுக் கோயில் ஆனித் திருவிழாவுக்கு வாற சனமெல்லாம் கடலாலைதானே போகுது? கடலிலை என்ன தெரியும்? பாய்தானே தெரியும்! பாயிலை எங்கட நாரையைப் போட்டால்...?"

பாயில் பதாகை! யாருக்கு வரும் இந்த யோசனை?

ஊர்காவற்றுறையில் வத்தை வைத்திருக்கும் சவரிமுத்து அண்ணையையும் அவரே பிடித்திருந்தார். புதுப் பாய்க்கு வேண்டிய துணி கம்பனியின் செலவு. பாய் அண்ணைக்குச் சொந்தம், அதில் இருக்கும் நாரை கம்பனிக்குச் சொந்தம். தேர் நாளில் கொழும்பிலிருந்து முதலாளி நேரே வந்து பார்ப்பார்.

"முதலாளிக்குப் பிடிச்சுதெண்டால், வடக்கிலை எங்கட பனர் முழுக்க இனி உங்கட கைதான். பிடிக்காட்டில்..." தம்பிராசா தலையைச் சொறிந்தார். "ரவுணிலை பெயின்ற் அடிக்கிற ஒரு ஆள் கேட்டுக்கொண்டு நிக்கிறான், அக்கா."

பிடிக்காவிட்டால் நான் எங்கே போவேன்? அனுப்பிவிட்ட இடுப்புகளையும் கழுத்துகளையும் திரும்பக் கூப்பிட முடியுமா?

முதலில் அண்ணையின் பழைய பாயைக் காற்றில் விரிக்கச் சொல்லிக் கரையில் நின்று பார்த்தேன். சோழகக் காற்று பிடித்ததும் பாயின் நடுப்பகுதி வயிறு வைத்தது. அந்த இடத்தில் தைக்கும் எழுத்தும் சேர்ந்து பெருக்குமே! (பார்த்தீர்களா, உடம்பு வைக்கிற தொல்லை இங்கேயும் என்னை விடவில்லை.) ஆகவே எழுத்துகளில் நடுவை ஒட்டி வரும் பாகத்தை ஒடுக்கமாக வெட்டினேன். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

வெள்ளைப் பாயில் பெரிய நீல வட்டம், வட்டத்துக்குள் வெள்ளை நாரை, கீழே நீல எழுத்து. அப்போது துணிக்குப் பெரிய தட்டுப்பாடு. சங்கக்கடையில் வரிசையில் நின்றால்தான் கிடைக்கும், நின்றாலும் கிடைக்கும் என்று இல்லை. கம்பனி தந்த வெள்ளைத் துணி நாரையின் ஒரு சிறகோடு முடிந்துவிட்டது. மற்றச் சிறகுக்குப் பழந்துணி மூட்டையைக் கிளறினேன். என் கணவரின் கக்கம் கிழிந்த வெள்ளை ரெரிலின் சேட் ஒன்று அகப்பட்டது. வெட்டித் தைத்தேன். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

பாயைச் சுருட்டி அண்ணையிடம் கொடுத்துவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

தேருக்குச் சில நாட்கள் இருக்கும்போது, ஏற்றிப் பார்ப்போம் என்று ஊர்காவற்றுறைக்குப் போனேன். கரையில் பாய் காய்ந்துகொண்டிருந்தது.

மண்ணிறமாக!

வெள்ளை இருந்த இடம் தெரியவில்லை. நீல எழுத்தெல்லாம் கறுத்துப் பாயோடு பாயாகிவிட்டது. நாரை குளத்துச் சேற்றில் புரண்டு எழுந்தது போல் நின்றது. சவர்க்காரக் கம்பனியின் நாரை ஐயா!

"அண்ணை! என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"பட்டை போட்டனான், தங்கச்சி." முகத்தில் அவ்வளவு பெருமை. "நல்ல கண்டல் மரத்துப் பட்டை. கடுப்பா அவிச்சு, பாயை முழுசா ஊறப் போட்டனான். இனி உப்புத்தண்ணி இதை அசைக்க ஏலாது."

"அது பனர் அண்ணை!"

"பாய், தங்கச்சி."

"கம்பனிக்காரர் வெள்ளைப் பாய் பார்க்க வருகினம்!"

"வெள்ளைப் பாயோ?" அவர் உண்மையிலேயே திகைத்துப் போனார். "பட்டை போடாத பாயை ஆரும் கடலிலை விடுவினமோ? பூஞ்சணம் பிடிச்சு உக்கிப் போகும். கரையிலை நிக்கிறவன் சிரிப்பான்... நீங்கள் ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

நான் ஏன் சொல்லவில்லை? புதுப் பதாகையைச் சாயத்தில் முக்காதீர்கள் என்று யாராவது யாருக்காவது சொல்வார்களா? அவர் ஏன் எனக்குச் சொல்லவில்லை? புதுப் பாய்க்குப் பட்டை போடுவேன் என்று இந்தக் கரையில் யாராவது அறிவித்துவிட்டா செய்கிறார்கள்? ஒரே துணி. நான் அதில் பதாகையைப் பார்த்தேன், அவர் பாயைப் பார்த்தார். மிக நன்றாகத் தெரிந்ததைத்தான் நாம் ஒருவருக்கொருவர் சொல்வதே இல்லை... குடும்பத்திலும் இதே கதைதானே?

ஆனால் அன்றைக்கு இந்தத் தத்துவமெல்லாம் வரவில்லை. அழுகைதான் வந்தது. மணலில் உட்கார்ந்து அழுதேன். அண்ணை பாவம், பீடியைப் பற்றவைப்பதும் அணைப்பதுமாக நின்றார்.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோதுதான் கவனித்தேன். நாரையின் ஒரு சிறகு வெள்ளையாக இருந்தது. கொஞ்சம் மங்கலா, பழுப்பா என்றால் அதுவும் இல்லை. சோப் போட்டுத் தோய்த்த வெள்ளை!

"அண்ணை, இது ஏன் பிடிக்கேல்லை?"

அவர் குனிந்து சிறகை நகத்தால் சுரண்டினார். "இது எங்கட பருத்தி இல்லைத் தங்கச்சி. இந்தப் புதுச் சாமான்கள் பட்டையைக் குடிக்காது போல."

குடிக்காதா? ஏன் குடிக்காது? வேறு எது எது குடிக்காது? அழுகை நின்றுவிட்டது. ஒரு தகரத்தில் பட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். குசினியில் பெரிய சட்டியை வைத்து அகப்பட்டதையெல்லாம் அவித்தேன். றிபன், குடைச்சீலை, உள்பாவாடையின் கரை, கிழிந்த சேட்டின் துண்டு... தண்ணீரில் அலசி எடுத்தால் எல்லாம் மண்ணிறம். சேட் துண்டு மட்டும் ஒன்றும் நடக்காதது போல வெள்ளையாக வந்தது.

என் கணவர் தபாற் கந்தோரிலிருந்து வந்து நேரே சட்டியின் மூடியைத் திறந்தார்.

"இண்டைக்கு என்ன குழம்பு?"

"உங்கட லேஞ்சி."

அகப்பையால் கைக்குட்டையைத் தூக்கிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் தொழிலை அவர் தடுத்ததும் இல்லை, மெச்சியதும் இல்லை. 'சீலைக் கந்தோர்' என்று கேலி செய்வார், அவ்வளவுதான். அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் வெள்ளை ரெரிலின் சேட். கப்பலில் வேலை செய்யும் தம்பி வரும்போதெல்லாம் கொண்டுவந்து கொடுப்பது. பருத்தி கலக்காத செயற்கை நூல் துணி, கசங்காது, தோய்த்தால் உடனே காயும். கடைகளில் அந்தத் துணி கண்ணிலும் படாத காலம் அது. கேட்க எனக்கு வாய் வரவில்லை. சட்டியைக் கழுவினேன்.

அவர் அறைக்குள் போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு குரல்.

"இஞ்சாரும்... நாரைக்கு எத்தினை சேட் வேணும்?"

அந்தக் கேள்வியைக் கல்யாணமான நாள் முதல் அவர் என்னிடம் சொன்ன எல்லா நல்ல வார்த்தைகளுக்கும் மேலே வைத்திருக்கிறேன்.

பழைய எழுத்தின் மேலேயே புது எழுத்தை வெள்ளையில் வெட்டிப் போட்டேன். கறுத்துப்போன வட்டம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். நாரையை முழுக்கப் புதிதாகத் தைத்தேன். பட்டை போட்ட பாய் விறைத்திருந்தது, ஊசி ஏறாது. ஒவ்வொரு நாளும் ஊர்காவற்றுறைக் கரையில் உட்கார்ந்து கையால் தைத்தேன். என் கணவர் பழைய பருத்திச் சேட்டில் கந்தோருக்குப் போய்வந்தார். யாரும் கேட்டால், "மற்றதெல்லாம் கடலுக்குப் போயிட்டுது" என்பாராம்.

தேர் நாள் காலை வந்தது. நாரைக்கு உடம்பு இருந்தது, சிறகு இருந்தது, கால் இருந்தது. தலை இல்லை. துணி முடிந்துவிட்டது!

என் கணவர் கோயிலுக்குப் போவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த கடைசி வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தார். தலையில்லாத நாரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சேட்டுத் தெறிகளை, பொத்தான்களைத்தான் சொல்கிறேன், கழற்றத் தொடங்கினார்.

"என்ன செய்யிறியள்? சனம் பாக்குது!"

"கோயிலுக்குத்தானே போறம்? உள்ளுக்குப் போறதெண்டால் எப்பிடியும் சேட் கழட்டத்தான் வேணும்." சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு சேட்டை என் மடியில் வைத்தார். "வாசலிலை கழட்டுறதை இஞ்சை கழட்டினன். பிடியும்."

முதுகுத் துணியில் தலையும் கழுத்தும் வந்துவிட்டன. அலகுக்கு? அந்த நாளில் கொலர் முனை சாண் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருப்பதுதான் நாகரிகம். கொலரைத் தனியே வெட்டி எடுத்து, தெறியை மட்டும் அறுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, இரண்டு முனையையும் சேர்த்து அலகாக வைத்தேன். கொலர் விறைப்பு. முனைகள் சேர மறுத்தன. பிரித்துத் தைக்க நேரம் ஏது? சவரிமுத்து அண்ணை பாயை ஏற்றக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாய் திறந்து நிக்குது," என்றார் என் கணவர்.

"நிக்கட்டும்," என்றேன்.

நாங்கள் போன லோஞ்சில்தான் முதலாளியும் தம்பிராசாவும் வந்தார்கள். தூரத்தில் பாய் வந்தது. மண்ணிறப் பாயைக் கண்டதும் தம்பிராசாவின் முகம் வெளிறியது. நான் நயினாதீவு நாகபூஷணி அம்மனைக் கூப்பிட்டேன். முதலாளி கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தார்.

அப்போது முன்னால் இருந்த ஒரு பெண் தன் தங்கையை இடித்தாள்.

"அங்கை பாரடி! அவ்வளவு ஊத்தைக்குள்ளை அந்த நாரைக்கு என்ன சவர்க்காரம் போட்டவையோ!"

லோஞ்ச் முழுவதும் திரும்பிப் பார்த்தது. முதலாளி வாய்விட்டுச் சிரித்தார்.

"பிளான் போட்டுத்தான் செய்தது, சேர்," என்றார் தம்பிராசா, உடனே உயிர் வந்தவராக. நான் கடலைப் பார்த்துக்கொண்டேன்.

"அது சரி... நாரை ஏன் வாயைத் திறந்து நிக்குது?" என்று முதலாளி கேட்டார்.

வெறும் மேலில் சால்வையோடு நின்ற என் கணவர்தான் பதில் சொன்னார்.

"சவர்க்காரம் கேக்குது, ஐயா."

அந்த வருடத்திலிருந்து வடக்கில் நாரையின் பதாகை எல்லாம் என் கைதான். பெயின்ற் அடிக்கிறவர் நல்ல மனிதர், கண்டால் சிரிப்பார். சவரிமுத்து அண்ணை இதற்கிடையில் பாயை மாற்றிவிட்டார். நாரையையும் எழுத்தையும் மட்டும் பிரித்தெடுத்துப் புதுப் பாயில் தைத்துக் கொடுத்தேன், அதுவும் அவர் பட்டை போட்டு முடித்த பிறகு! இப்போது கடைகளில் துணி குவிந்து கிடக்கிறது. நல்ல அலகு ஒன்று வெட்டி வாயை மூடிவிடலாம்தான். கம்பனி விடவில்லை. என் கணவர் அதைவிட விடவில்லை.

சரி, கொழும்பு அம்மாவுக்கு வருவோம். என் கால் கணவர் காலின் மேலேயே இருந்தது. இருந்தும் பலனில்லை.

"அம்மா," என்றார் என் கணவர், எட்டிப் பார்த்து. "அது என்ர சேட்."

இறங்குதுறை வரும்வரை ஓயவில்லை.

அந்தக் கொலர்த் தெறி இன்னும் என் தையல் பெட்டியில்தான் இருக்கிறது... நாரைக்கு என்றைக்காவது வாயை மூட வேண்டும் போலிருந்தால் வந்து கேட்கட்டும்!