மாமனாரின் கோடாலி

சாயங்காலமானால் கோடாலியைத் தலைகீழாக வாளித் தண்ணீரில் நிறுத்திவைப்பேன். விடிய விடிய ஊறிக் காம்பு உப்பினால்தான் காலையில் இரும்பு ஆடாமல் நிற்கும். வெயில் ஏறினால் காய்ந்து மறுபடி லொடலொடக்கும். அதற்குள் அன்றைய விறகைப் பொளந்துவிட வேண்டும். கல்யாணமாகி ஒரகடத்துக்குப் பக்கத்து கிராமத்துக்கு வந்ததிலிருந்து ஏழு வருஷம் இதே பிழைப்பு. எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கேஸ் அடுப்பு கிடையாது.

கோடாலி, காலமான என் மாமனாருடையது. என் வீட்டுக்காரர் மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டினார். அங்கிருந்து காட்டன் வேஸ்டும் எண்ணெயும் கொண்டுவந்து ஞாயிறு தவறாமல் இரும்பைத் துடைப்பார். துடைப்பதோடு சரி. ஆயுத பூஜைக்கு அதற்குத்தான் முதல் பொட்டு. அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக்கூடாது என்பதால் முதல் நாளே இரண்டு நாள் விறகையும் பொளந்து வைப்பேன். கோடாலிக்கு லீவு, எனக்கு ஓவர்டைம்.

காம்பை மாற்றலாம் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கேட்டாலே அவர் முகம் சுருங்கிவிடும். "எங்கப்பா புடிச்ச காம்பு அது. அத்தயும் மாத்திட்டா அவுருதுன்னு இன்னா கீது?" என்றார் ஒருமுறை. நிலம்கூட விற்றுப்போயிருந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். எரிச்சல்தான் கொஞ்சம் அதிகம்.

ஒரு நாள் காலை, ஓங்கிய வேகத்தில் இரும்பு கழன்று பறந்தது. கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மாமியாரின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் இறங்கியது. வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து இன்னும் வரவில்லை. அவரிடம் இன்னொரு முறை கெஞ்சத் தெம்பில்லாமல், போய் ஆசாரியைக் கையோடு கூட்டிவந்தேன்.

தினமும் ஊறவைத்ததில் துளைக்குள் இருந்த மரம் உளுத்துவிட்டது, ஆப்பு அடித்தாலும் நிற்காது என்றார் ஆசாரி. உளுத்ததை அறுத்துவிட்டு மிச்சத்தைச் செருகலாமென்றால் காம்பே குட்டை. "ஆம்பளைக்குப் போட்ட காம்பு இல்லம்மா இது. குள்ளமான ஆளுக்கு அளவெடுத்துப் போட்டது."

போட்டோவில் என் மாமனார் நிலைவாசலில் தலை இடிக்கிற உயரம். நான் மாமியாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் தோளுக்குக்கூட வரமாட்டார்.

"அவரு எங்க வெட்னாரு? கட்டய கொணாந்து போட்டுட்டுப் பூடுவாரு. நான்தான் பொளந்தேன்," என்றார், தேய்த்த குண்டானைக் கவிழ்த்தபடி.

மகனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்பனைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவனுக்கு அது ஒன்றுதான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாராம். எனக்கு ஆத்திரம் வந்தது. ஏழு வருஷம் நான் பட்ட பாட்டையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள் என்றேன். அவர் அடுத்த பாத்திரத்தை இழுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

என் உயரத்துக்குப் புதுக் காம்பு போட்டுத் தருவதாகச் சொல்லி ஆசாரி இரும்பை எடுத்துப்போனார். பழையதைப் பரணில் போட்டுவைக்கலாமா, வீட்டுக்காரருக்கு அதாவது மிஞ்சட்டுமே என்று யோசித்தேன். மாமியார் அதை என் கையிலிருந்து வாங்கி, கறுத்துத் தேய்ந்த இடத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்தார். பிறகு வெந்நீர் அடுப்பில் செருகிவிட்டார்.

கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவர் அந்த வெந்நீரில்தான் குளித்தார். தலை துவட்டிக்கொண்டே கோடாலி எங்கே என்றார். நான் வாய் திறப்பதற்குள் மாமியார் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், காம்பு எரிந்தது உட்பட. வீட்டுக்காரர் சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். போடவில்லை. ஈரத் துண்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சின்ன வயசுல அந்த சத்தம் கேட்டுத்தான் முழிப்பேன். அப்பான்னே நெனச்சிகினு இருந்தேன்," என்றார். "ஒரு நாளும் எழுந்து வந்து பாத்ததில்ல."

ஏழு வருஷமாக நான் விறகு பொளக்கிற சத்தத்தையும் படுத்தபடியேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.